வேன் வாங்கும் முன்: அமெரிக்கச் சிற்றூரில் மாற்றுத்திறனாளிகளுக்கு வண்டி ஓட்ட அரசுப் பணம் பெறுவது எப்படி

எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வேன் ஏழு மாதம் நின்றுகொண்டிருந்தது. வீல்சேரை ஏற்றி இறக்கும் லிஃப்ட் பொருத்திய நல்ல வண்டி, அரசு கிராண்டில் வந்தது, புத்தம் புதுசு. ஆனால் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, இன்சூரன்ஸ் கட்டணம் நினைத்ததைவிட இரண்டு மடங்காக வந்துவிட்டது, யார் போனை எடுத்துப் பயணங்களைப் பதிவது என்று யாரும் யோசிக்கவே இல்லை. அந்த ஏழு மாதமும் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்காக 38 மைல் போய் வந்துகொண்டிருந்தார், மகள் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனாள், அவளுக்கு லீவு கிடைக்காத நாளில் அவர் போகவில்லை. டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் என்ன ஆகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த வேனைப் பார்த்த கோபத்தில்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். சிறிய ஊர் மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ ஆலைக்கோ வேலைக்கு வந்து, கொஞ்ச காலம் ஆனதும் ஊரின் முதியோர் மையம், சர்ச், உணவு வங்கி என்று ஏதாவது ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்துகொண்ட தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவரிடம் ஒரு நாள் "கிராண்ட் எழுதத் தெரியுமா?" என்று கேட்டுவிடுவார்கள். உங்களிடம் அப்படிக் கேட்டிருந்தால் இது உங்களுக்கான கட்டுரை. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வண்டி வாங்கும் பணம் கிடைப்பது இதில் சுலபமான பாதி. மீதிப் பாதி யானையைக் கட்டித் தீனி போடுவது. தீனிக்கு வழி செய்துவிட்டு யானையைத் தேடுங்கள்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்

அமெரிக்க மத்திய அரசின் போக்குவரத்துச் சட்டத்தில் இரண்டு பிரிவு எண்களை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், 5310, 5311. இந்த வட்டாரத்தில் இருப்பவர்கள் திட்டங்களின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள், எண்ணைத்தான் சொல்வார்கள். "ஃபிப்டி த்ரீ லெவன்" என்று போனில் யாராவது சொன்னால் பயப்படாதீர்கள், 5311 தான் அது.

5311 கிராமப்புறப் பொதுப் போக்குவரத்துக்கானது. 50,000 பேருக்குக் குறைவான பகுதிகளுக்குப் போகும் பணம். இதில் ஓடும் வண்டி பொது மக்கள் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், முதியோருக்கு மட்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று கதவை மூட முடியாது. 5310 முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்றே இருப்பது. நாடு முழுவதற்குமான 5310 பணத்தில் 60 சதவீதம் 2 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் பெரிய நகரப் பகுதிகளுக்கும், 20 சதவீதம் 50,000 முதல் 2 லட்சம் வரையிலான நகரங்களுக்கும், 20 சதவீதம் கிராமப்புறத்துக்கும் போகிறது. நம் கவனம் கடைசி 20 சதவீதத்தில்.

இரண்டுமே நேற்று வந்தவை அல்ல. 5310-இன் மூல வடிவத்தில் 1975-லிருந்தே தொண்டு நிறுவனங்களுக்கு வேன்கள் கொடுத்து வருகிறார்கள், 5311-இன் மூலம் 1978-இல் வந்தது. இப்போதைய தொகைகளை முடிவு செய்தது 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டம், அது 2022 முதல் 2026 வரையிலான நிதியாண்டுகளுக்கானது. அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது என்பதால் 2026 செப்டம்பர் 30-க்குப் பிந்தைய பணத்தை பட்ஜெட்டில் எழுதுவதற்கு முன்னால் உங்கள் மாநில அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தைப் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இந்தப் பணம் வாஷிங்டனிலிருந்து உங்கள் கைக்கு நேராக வராது. மக்கள்தொகை, நிலப்பரப்பு, முதியோர் எண்ணிக்கை என்று ஒரு சூத்திரத்தின்படி மாநிலத்துக்கு வருகிறது, மாநிலப் போக்குவரத்துத் துறை அதை வாங்கி ஊர்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அதனால் நீங்கள் பழக வேண்டியது செனட்டரோடு அல்ல, மாநிலத் துறையில் பொதுப் போக்குவரத்துப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் ஓர் அலுவலரோடு. பெரும்பாலும் நல்ல மனிதர்கள், போனை எடுப்பார்கள். சிறு ஊரிலிருந்து ஒருவர் முன்கூட்டியே கூப்பிட்டு "எங்கள் ஊருக்கு எது பொருந்தும்?" என்று கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

முதல் படி: ஏற்கெனவே என்ன ஓடுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். அமெரிக்கக் கிராமங்களில் பொது வண்டியே இல்லை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பெரிய பஸ் எதுவும் கண்ணில் படாததால். ஐயோவா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 99 கவுன்டிகள், நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதிகள். 16 வட்டாரப் போக்குவரத்து அமைப்புகள் சேர்ந்து அந்த 99-க்கும் சேவை கொடுக்கின்றன. பஸ் நிறுத்தம் கிடையாது, முதல் நாள் போன் செய்து சொன்னால் வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளும் சிறு வண்டிகள். அது இருப்பதே தெரியாமல் பத்து வருடம் அந்த ஊரில் வாழ்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பென்சில்வேனியாவில் இன்னொரு மாதிரி. 65 வயது நிரம்பியவர்கள் பலர் சேர்ந்து போகும் பகிர்வு வண்டியில் போனால் கட்டணத்தில் 85 சதவீதத்தை மாநில லாட்டரிப் பணம் கட்டிவிடுகிறது, 15 சதவீதம்தான் மற்றவர்கள் பொறுப்பு. 18 முதல் 64 வயது வரையிலான மாற்றுத்திறனாளிகளுக்கும் இதே போன்ற ஒரு சலுகைத் திட்டம் தனியாக இருக்கிறது. ஆக, ஒவ்வொரு மாநிலமும் மத்திய அரசுப் பணத்தின் மேல் தன் கைப்பணத்தை வேறு வேறு விதமாகச் சேர்க்கிறது, பக்கத்து மாநில நண்பர் சொன்னதை அப்படியே நம்பி இறங்க வேண்டாம்.

211 என்ற எண்ணுக்கு போன் செய்தால் பல ஊர்களில் உள்ளூர்ச் சேவைகளின் பட்டியலைச் சொல்வார்கள். முதியோர் நலனுக்கான வட்டார அமைப்பு ஒன்று எல்லாப் பகுதிக்கும் இருக்கும், அங்கேயும் கேளுங்கள். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள், யார் வண்டி இல்லாமல் தவிக்கிறார்கள் என்று அவருக்குத்தான் உண்மையில் தெரியும்.

கேட்டு முடித்ததும் பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: வண்டி இருக்கிறது, ஆனால் மாலை 4 மணிக்கு மேல் இல்லை, சனிக்கிழமை இல்லை, கவுன்டி எல்லையைத் தாண்டாது. டயாலிசிஸ் மையமோ எல்லைக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் புது அமைப்பு எதற்கு? ஏற்கெனவே ஓடுகிறவர்களிடமே இன்னும் இரண்டு மணி நேரம், இன்னும் 12 மைல் ஓட்டச் சொல்லிப் பணம் தேடிக்கொடுப்பது பாதி உழைப்பில் முடியும். எங்கள் ஊர் வெள்ளை வேன் கடைசியில் அப்படித்தான் நகர்ந்தது, மாநிலத் துறையின் சம்மதத்தோடு அதைக் கவுன்டி அமைப்பிடம் ஒப்படைத்தார்கள், அவர்களிடம் டிரைவர்களும், போனை எடுத்துப் பயணங்களைப் பதிந்து வண்டியை அனுப்பும் டிஸ்பாச்சரும், இன்சூரன்ஸும் ஏற்கெனவே இருந்தன.

இரண்டாம் படி: உங்கள் ஊர் எந்தக் கட்டத்தில் விழுகிறது?

சுற்றிலும் சோளக்காடாக இருக்கிறது என்பதால் அது சட்டப்படி கிராமப்புறம் ஆகிவிடாது. சென்சஸ் வரைபடத்தில் உங்கள் ஊர் பக்கத்து நகரத்தோடு சேர்த்து 50,000-க்கு மேற்பட்ட நகரப் பகுதியாக எழுதப்பட்டிருக்கலாம். அப்படியானால் 5311 கிடையாது, 5310-க்கும் வேறு வரிசையில் நிற்க வேண்டும், பெரிய நகரப் பகுதி என்றால் விண்ணப்பத்தை வாங்குவது மாநிலமாக இல்லாமல் அந்த வட்டாரத்தின் அமைப்பாகவும் இருக்கலாம். 2020 சென்சஸுக்குப் பிறகு எல்லைகள் மாறியிருக்கின்றன, பழைய விண்ணப்பத்தைப் பார்த்து எழுதாதீர்கள். மாநில அலுவலரிடம் முகவரியைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஒருங்கிணைப்புத் திட்டத்தில் உங்கள் ஊரின் தேவை எழுதப்பட்டிருக்கிறதா?

நல்ல விண்ணப்பங்கள் பல இங்கேதான் விழுகின்றன. 5310 பணம் வேண்டுமென்றால் உங்கள் யோசனை அந்த வட்டாரத்தின் ஒருங்கிணைந்த போக்குவரத்துத் திட்டம் என்ற ஆவணத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும். சட்டமே அப்படிச் சொல்கிறது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், வண்டி ஓட்டும் அமைப்புகள், சேவை நிறுவனங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி எழுத வேண்டிய ஆவணம் அது.

நடைமுறையில் என்ன ஆகிறது தெரியுமா, கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு, வண்டி இல்லாமல் போகவே முடியாத ஓர் அலுவலகத்தில் வைப்பார்கள். வண்டி இல்லாதவர்களைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு வண்டி இல்லாதவர்கள் வர முடியாது. நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, கிராண்ட் எழுதுவதற்கும் முன்னால், வீல்சேரில் இருக்கும் இரண்டு பேரை உங்கள் காரிலோ கடன் வாங்கிய வேனிலோ அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவது, அல்லது போனில் சேர வழி செய்து கொடுப்பது. அவர்கள் வாயால் "நான் மூன்று மாதமாக மளிகைக் கடைக்குப் போகவில்லை" என்று சொன்னது ஆவணத்தில் ஏறிவிட்டால் அது உங்கள் விண்ணப்பத்துக்கு அடிக்கல்.

திட்டத்தை வாங்கிப் படியுங்கள், பெரும்பாலும் 80, 100 பக்கம் இருக்கும், தேவைகளின் பட்டியல் உள்ள பகுதியை மட்டும் கவனமாகப் படித்தால் போதும். உங்கள் தேவை அதில் இல்லையென்றால் எப்போது திருத்துவார்கள் என்று கேளுங்கள். திட்டத்தில் இருக்கும் அதே சொற்களை விண்ணப்பத்தில் பக்க எண்ணோடு எழுதுங்கள், மதிப்பெண் போடுகிறவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

நான்காம் படி: மேட்ச்

கட்டுரையின் நடு இது, நிதானமாகப் படியுங்கள். மத்திய அரசு முழுத் தொகையையும் தராது. ஒரு பங்கு உங்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும், அதற்குத்தான் மேட்ச் என்று பெயர். வாங்கும் செலவுக்கு, அதாவது வண்டி, லிஃப்ட், கணினி போன்றவற்றுக்கு, அரசு 80 சதவீதம் வரை தரும். மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளுக்கு ஏற்ப அமைந்த வண்டி என்றால் 85 வரை போகலாம். ஆனால் ஓட்டும் செலவுக்கு, அதாவது டிரைவர் சம்பளம், எரிபொருள், இன்சூரன்ஸ், டிஸ்பாச்சர் ஆகியவற்றுக்கு, 50 சதவீதம்தான். அதுவும் பயணக் கட்டண வருமானத்தைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் தொகையில் பாதி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. வண்டி 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசு 80,000, நீங்கள் 20,000. ஒரு முறை கட்டினால் முடிந்தது. ஓட்டுவதற்கு வருடத்துக்கு 90,000 ஆகிறது, பயணிகள் கொடுக்கும் கட்டணம் 6,000. மிச்சம் 84,000. அரசு 42,000, நீங்கள் 42,000. இது ஒவ்வொரு வருடமும். வேன் ஐந்து வருடம் ஓடினால் உங்கள் பங்கு வண்டிக்கு 20,000, ஓட்டத்துக்கு 2,10,000. அந்த வெள்ளை வேன் ஏன் நின்றது என்பது இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. அவர்கள் 20,000-ஐ கேக் விற்றும் ஏலம் போட்டும் மூன்று மாதத்தில் திரட்டினார்கள், பாராட்ட வேண்டிய உழைப்பு, அடுத்த எண்ணைத்தான் யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

சரி, அந்த 42,000 எங்கிருந்து வரும்? பயணிகள் கட்டணத்தை மேட்ச் என்று காட்ட முடியாது, அது ஏற்கெனவே கழிந்துவிட்டது. கவுன்டியும் நகராட்சியும் தரும் பணம் ஆகும். மருத்துவமனை, சர்ச், தொண்டு அறக்கட்டளை தரும் நன்கொடை ஆகும். பலருக்குத் தெரியாத ஒன்று, போக்குவரத்துத் துறையைச் சேராத மற்ற மத்திய அரசுத் திட்டங்களின் பணத்தையும் மேட்சாக வைக்கலாம். முதியோர் சட்டத்தின் கீழ் வட்டார அமைப்புக்கு வரும் பணம், வீட்டுவசதித் துறையின் சமூக மேம்பாட்டு நிதி எல்லாம் இதில் சேரும். அப்புறம், மாற்றுத்திறனாளிகளின் தொழிற்பயிற்சி மையமோ முதியோர் இல்லமோ "எங்கள் ஆட்களைத் தினமும் ஏற்றிப்போங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று ஒப்பந்தம் போட்டால் அந்த வருமானத்தையும் மேட்சாகக் கணக்கில் வைக்கலாம். கிராமப்புற அமைப்புகளைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இந்த ஒப்பந்தங்கள்தான். தன்னார்வலர் உழைப்பு, இலவசமாகக் கொடுத்த அலுவலக அறை போன்றவற்றுக்கும் மதிப்புப் போட்டுக் காட்டலாம், ஆனால் மணிக்கணக்கு, கையெழுத்து, மதிப்பிட்ட விதம் எல்லாம் தாளில் இருக்க வேண்டும், மாநிலம் முன்கூட்டி ஒப்புக்கொள்ள வேண்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டைத் தனியாகச் சொல்கிறேன். மெடிக்கெய்ட் உள்ளவர்களுக்கு மருத்துவமனைக்குப் போய்வர வேறு வழி இல்லையென்றால் அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்வது மாநிலத்தின் கடமை, 2020 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய சட்டம் இதை எழுத்திலேயே உறுதி செய்துவிட்டது. பல மாநிலங்களில் ஒரு இடைத்தரகு நிறுவனம் பயணங்களை வாங்கி வண்டிக்காரர்களுக்குப் பிரித்துத் தரும். உங்கள் அமைப்பு அதில் பதிவு செய்துகொண்டால் டயாலிசிஸ் பயணங்களுக்குப் பணம் வரும். கையெழுத்திடும் முன் ஒரு மைலுக்கு உங்களுக்கு ஆகும் உண்மைச் செலவைக் கணக்கிட்டு வைத்திருங்கள், அவர்கள் தரும் கட்டணம் அதற்குக் குறைவாக இருந்தால் ஓட ஓட நஷ்டம்தான்.

இப்போது 50 சதவீதச் சுவரில் இருக்கும் ஒரு கதவைக் காட்டுகிறேன். 5310-இல் நீங்களே வண்டி ஓட்டாமல் வேறோர் அமைப்பிடமிருந்து பயணங்களை ஒப்பந்தத்தில் வாங்கினால் அதை வாங்கும் செலவாக எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, அதாவது 80 சதவீதம். வருடத்துக்கு 60,000 டாலருக்குக் கவுன்டி அமைப்பிடம் சனிக்கிழமைப் பயணங்களை வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பங்கு 12,000 தான், நீங்களே ஓட்டினால் 30,000. யார் எந்த வண்டியில் போகலாம் என்று மக்களுக்கு வழிகாட்டும் ஒருங்கிணைப்பாளரை வேலைக்கு வைப்பதும் இதே வகைதான். மாநிலத்துக்குக் கிடைக்கும் 5310 பணத்தில் குறைந்தது 55 சதவீதம் இந்த வகைச் செலவுகளுக்கும் வண்டிகளுக்கும் போயாக வேண்டும் என்பதால் இப்படிக் கேட்கிறவர்களுக்கு இடமும் அதிகம். என்னைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் இந்தக் கதவு வழியாகத்தான் நுழைய வேண்டும்.

ஐந்தாம் படி: காகிதங்களை இன்றே தொடங்குங்கள்

விண்ணப்பம் அறிவித்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. மத்திய அரசுப் பணம் பெறும் எந்த அமைப்புக்கும் சாம் டாட் கவ் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் தனி அடையாள எண் வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதில் இதுதான். பதிவு இலவசம். இதற்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பும் தனியார் நிறுவனங்கள் ஏராளம், அரசு முத்திரை மாதிரியே ஏதோ போட்டிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். முழுப் பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அந்தத் தேதியை இரண்டு பேருடைய போனில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று, இது திருப்பித் தரும் பணம். முதலில் நீங்கள் செலவு செய்து, ரசீதோடு அனுப்பினால், சில வாரங்களோ மாதங்களோ கழித்து வரும். குறைந்தது மூன்று மாதச் சம்பளமும் எரிபொருளும் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் வங்கியிலோ கவுன்டியிடமோ முன்பணத்துக்கு ஏற்பாடு வேண்டும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? எண்களோடு எழுதுங்கள். எத்தனை பேர், எங்கிருந்து எங்கே, வாரத்துக்கு எத்தனை முறை, இப்போது எப்படிப் போகிறார்கள், போக முடியாதபோது என்ன ஆகிறது. "எங்கள் முதியோர் அவதிப்படுகிறார்கள்" என்பதை எல்லா விண்ணப்பமும் சொல்லும். "11 பேர் டயாலிசிஸுக்குப் போகிறார்கள், அதில் 4 பேரை டயாலிசிஸ் முடிந்த கையோடு 30 மைல் தாங்களே ஓட்டி வரச் சொல்கிறோம்" என்பதைச் சொல்ல உங்கள் ஊரைத் தவிர யாராலும் முடியாது. மூன்று ஆண்டு பட்ஜெட்டை, கேட்காவிட்டாலும் சேருங்கள். மேட்ச் தருகிறவர்களின் கடிதத்தில் தொகை இருக்கட்டும், வாழ்த்து மட்டும் இருக்கும் கடிதத்தால் பயனில்லை.

ஆறாம் படி: என்ன வண்டி?

டிரைவரையும் சேர்த்து 16 பேரோ அதற்கு மேலோ உட்காரும் வண்டி என்றால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும், அந்த உரிமம் உள்ள டிரைவரைச் சிற்றூரில் பிடிப்பது கஷ்டம், பள்ளிப் பேருந்துகளும் லாரி நிறுவனங்களும் அவர்களை எடுத்துக்கொள்கின்றன. அதனால் 15-க்குள் அடங்கும் வண்டியை வாங்குவது நல்லது. இரண்டு வீல்சேர் இடம் உள்ள சிறு வேன் பெரும்பாலான ஊர்களுக்குப் போதும். லிஃப்ட் குறைந்தது 600 பவுண்டு தூக்க வேண்டும் என்பது விதி, மோட்டார் வீல்சேரும் அதில் இருப்பவரும் சேர்ந்தால் இந்த எடையைச் சுலபமாக எட்டிவிடும், அதற்கு மேல் தூக்கும் லிஃப்ட் கிடைத்தால் வாங்குங்கள். லிஃப்டா, ராம்ப் எனும் சாய்தளமா என்று கேட்டால் பனி அதிகம் விழும் ஊரில் வண்டியை ஓட்டப்போகும் டிரைவரிடமும் ஏறப்போகிறவரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். நீங்களே கடை கடையாக விலை கேட்க வேண்டாம், பெரும்பாலும் மாநிலம் முன்கூட்டியே பேசி வைத்த ஒப்பந்தத்தில் வாங்கலாம்.

வண்டியின் மேல் மாநிலத்துக்கு உரிமைப் பிடிப்பு இருக்கும். சிறிய வேனுக்குப் பொதுவாக 4 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று பயன்பாட்டுக் காலம் வைத்திருப்பார்கள், அதற்கு முன் விற்கவோ வேறு வேலைக்குத் திருப்பவோ முடியாது. கல்யாணத்துக்கும் கோயில் பயணத்துக்கும் வாடகைக்கு விடுவதை, முழு வண்டியையும் தனியாருக்கு வாடகைக்கு விடுவது பற்றிய சார்ட்டர் விதிகள் தடுக்கும், எழுத்தில் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். ஆனால் வழக்கமான பயணங்களுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு அதே வண்டியில் மதிய உணவு கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

ஏழாம் படி: ஏறுகிறவரின் உரிமை

1978 ஜூலை 5 அன்று டென்வர் நகரில் கோல்ஃபாக்ஸும் பிராட்வேயும் சந்திக்கும் இடத்தில் 19 மாற்றுத்திறனாளிகள் பஸ்களை மறித்து, வீல்சேரிலிருந்து இறங்கிச் சாலையில் படுத்து, அந்த இரவு முழுவதும் அங்கேயே இருந்தார்கள். பஸ்ஸில் லிஃப்ட் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 12 வருடம் கழித்து, 1990 ஜூலை 26-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமான ஏடிஏ கையெழுத்தானது. இதை டிரைவர் பயிற்சியின் முதல் நாளில் சொல்லுங்கள், லிஃப்டை இறக்குவது ஒரு சலுகை என்று எந்த டிரைவரும் நினைக்கக் கூடாது.

ஒவ்வொரு நாள் காலையும் லிஃப்டை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்த்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும். வீல்சேர் இல்லாமல் கைத்தடியோடு வருகிறவரும் லிஃப்டில் நின்று ஏறலாம், கேட்டால் மறுக்கக் கூடாது. வழிகாட்டி நாயை ஏற்ற வேண்டும். உதவியாளருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதில் வண்டிக்கு வண்டி விதி மாறும். குறித்த பாதையில் ஓடும் பஸ் இருந்தால், பாதைக்கு இரண்டு பக்கமும் முக்கால் மைல் வரை, பஸ்ஸில் ஏற முடியாதவர்களுக்குத் தனி வண்டி அனுப்ப வேண்டும், கட்டணம் பஸ் கட்டணத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, அந்தத் தனி வண்டியில் கூடவே வரும் உதவியாளருக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. போன் செய்து கூப்பிடும் வண்டி மட்டும் ஓடும் ஊரில் தனி வண்டிக் கடமை இல்லை, ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் நேரம், கட்டணம், தூரம் அத்தனையும் வீல்சேரில் இருப்பவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும்.

5311 பணம் வாங்கினால் டிரைவர்களுக்குப் போதைப்பொருள், மதுப் பரிசோதனைத் திட்டம் கட்டாயம். 5310 மட்டும் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வணிக உரிமம் தேவைப்படும் வண்டியை ஓட்டுகிறவரைத் தவிர. பயிற்சிக்குப் பணம் கொடுத்து ஆள் தேட வேண்டாம், கிராமப்புறப் போக்குவரத்து உதவித் திட்டம் என்று 1987-லிருந்தே ஒன்று நடக்கிறது, ஆர்டாப் என்பார்கள். வீல்சேரைக் கட்டுவது, பனியில் ஓட்டுவது, கணக்கு எழுதுவது எல்லாவற்றுக்கும் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறார்கள்.

எட்டாம் படி: மறுத்த பயணங்களின் நோட்டு

ஓடிய பயணங்களை எல்லாரும் எண்ணுகிறார்கள், எண்ணவும் வேண்டும், மாநிலம் கேட்கும். அதோடு இன்னொரு நோட்டு வையுங்கள். போன் செய்து கேட்டு, வண்டி இல்லை, நேரம் இல்லை, தூரம் அதிகம் என்று நாம் இல்லையென்று சொன்ன ஒவ்வொரு பயணத்தையும் தேதி, நேரம், எங்கிருந்து எங்கே, காரணம் என்று எழுதுங்கள், பெயர் வேண்டாம். அடுத்த விண்ணப்பத்துக்கும் ஒருங்கிணைப்புத் திட்டக் கூட்டத்துக்கும் இதைவிட வலுவான ஆதாரம் கிடையாது. எங்கள் நோட்டில் ஒரே வருடத்தில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, சம்பளம் வாங்கி மளிகைக் கடைக்குப் போக நினைத்தவர்கள். அதைப் பார்த்த பிறகுதான் கவுன்டி வெள்ளிக்கிழமை நேரத்தை நீட்டியது.

விண்ணப்பம் தோற்றால்? முதல் முறை பலருக்கும் அப்படித்தான் ஆகிறது. உங்களுக்குப் போட்ட மதிப்பெண் தாளைக் கேளுங்கள், மாநில அலுவலரோடு அரை மணி நேரம் பேசி எந்தக் கேள்வியில் குறைந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் மேட்ச் கடிதமோ ஒருங்கிணைப்புத் திட்டமோதான். அடுத்த சுற்று வரை காத்திருக்கும் மாதங்களில் தன்னார்வலர்கள் சொந்தக் காரில் ஓட்ட, மைலுக்கு இவ்வளவு என்று பெட்ரோல் காசு கொடுக்கும் சிறு திட்டத்தைச் சர்ச்சின் பணத்திலோ மருத்துவமனையின் பணத்திலோ தொடங்கலாம், பின்னால் 5310-க்குள் கொண்டுவரக்கூடிய செலவு வகையும் அது. வீல்சேரிலிருந்து காருக்கு மாற முடியாதவர்களுக்கு அது உதவாது, அவர்கள் கேட்கும்போது இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பயணமும் நோட்டில் ஏறட்டும்.